பனிக்காலத்தில் ஆர்க்கிட் வளர்ப்பு: சமவெளி வீடுகளுக்கான வழிமுறை

ஆர்க்கிட் செடிகளைக் குளிர்காலத்தில் காப்பது எப்படி என்று தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, வெளியே வெண்பனி கொட்ட, உள்ளே வெப்பமூட்டி ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளின் சன்னலோரங்களுக்காக எழுதப்பட்டவை. ஈரப்பதமூட்டியை இயக்குங்கள், செயற்கை விளக்கைப் பொருத்துங்கள், குளிர்ந்த கண்ணாடியில் இலை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவை சொல்வதைச் சென்னையிலோ திருச்சியிலோ கடலூரிலோ அப்படியே பின்பற்றினால் செடிக்கு நன்மையைவிடத் தீமையே மிகும். சனவரியில்கூடச் சென்னையின் இரவு வெப்பநிலை சராசரியாக 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. பகலில் 29, 30 வரை ஏறுகிறது. வெப்பமண்டலக் காடுகளில் மரத்தின்மேல் வாழப் பழகிய ஆர்க்கிட்டுக்கு இது ஒரு குளிரே அல்ல. தமிழகச் சமவெளியில் ஐப்பசி முதல் மாசி வரை ஆர்க்கிட்டுகள் அழிவதற்குக் காரணம் காயாத ஈரம். வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் தொட்டியை நனைத்து வைக்கிறது. அது ஓய்ந்ததும் மார்கழிப் பனி இறங்கி, இலையிடுக்குகளில் விடியும்வரை நீரைத் தேக்குகிறது. கோடையில் ஒரே பகலில் காய்ந்த தொட்டி, இப்போது மூன்று நாளானாலும் உள்ளே ஈரமாகவே இருக்கிறது. ஆகவே கீழே வரும் பராமரிப்பு முறைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்தவை: நனைந்த செடி எவ்வளவு நேரத்தில் காய்கிறது?

நம் ஊர் நர்சரிகளில் பரவலாகக் கிடைப்பவை மூன்று வகைகள். கரும்பைப் போலக் கணுக்கணுவாகத் தண்டு விட்டு, நுனியில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும் டென்ட்ரோபியம் முதலாவது. பூச்செண்டுகளில் வைக்கப்படும் ஆர்க்கிட் பெரும்பாலும் இதன் கலப்பினமே. தண்டே தெரியாமல் நான்கைந்து தடித்த இலைகளை மட்டும் விரித்திருக்கும் ஃபலெனாப்சிஸ் இரண்டாவது. மரக்கூடையிலோ கம்பியிலோ கட்டப்பட்டு, வேர்களை அந்தரத்தில் தொங்கவிட்டு வளரும் வாண்டா மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே நேரத்தில் ஒரே குவளையில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் பனிக்காலத்தில் ஒன்றையாவது இழப்பார்கள். காரணம் கீழே தெளிவாகும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

புரட்டாசி முடிவதற்குள் செடிகளுக்கு மேலே ஒரு கூரை வேண்டும். நிழல்வலை மழையைத் தடுக்காது என்பது பலருக்கு முதல் அடைமழையில்தான் உறைக்கிறது. வெளிச்சத்தை விடும் பாலிகார்பனேட் தகடோ, தடித்த பாலித்தீன் விரிப்போ சற்றுச் சாய்வாகப் போட்டு, நான்கு பக்கங்களையும் திறந்தே விட வேண்டும். சாரலுக்கு அஞ்சிப் பக்கங்களையும் மூடினால், உள்ளே புழுக்கம் தங்கி, மழையில் நனைந்திருந்தால் ஏற்பட்டிருக்கும் கெடுதலைவிட அதிகக் கெடுதலை உண்டாக்கும். அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு மேல்வீட்டு மேல்மாடத்தின் (பால்கனியின்) தளமே கூரையாகிவிடுகிறது. அவர்கள் சாரல் அடிக்கும் கிழக்கு, வடகிழக்கு ஓரத்திலிருந்து தொட்டிகளைச் சுவர்ப்பக்கமாக இரண்டு அடி உள்ளே தள்ளினால் போதும்.

அடுத்து, தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடைகளில் வாங்கும் ஃபலெனாப்சிஸ் பலவற்றில் வேர்களைச் சுற்றி ஸ்பாக்னம் பாசி இறுக்கமாகத் திணிக்கப்பட்டிருக்கும். காற்றோட்டமும் தண்ணீரும் அளவோடு கட்டுப்படுத்தப்படும் பசுமைக்குடிலில் அது பொருத்தமானது. கார்த்திகை மாத மேல்மாடத்தில் அது வேர்களுக்கு ஈரத்துணி சுற்றியதற்குச் சமம். மழைக்காலத்துக்கு முன்பே அந்தப் பாசியை மெல்லப் பிரித்தெடுத்து, விரல்கணு அளவுள்ள மரக்கரித் துண்டுகளும் உடைந்த ஓட்டுச்சில்லுகளும் கலந்து நடுவது நல்லது. தேங்காய் மட்டைத் துண்டுகளைச் சேர்ப்பதானால் சிறிதளவே சேர்க்க வேண்டும். அவற்றை முதலில் இரண்டு மூன்று முறை நீர் மாற்றி ஊறவைத்து, உப்பும் சாயமும் போன பிறகே பயன்படுத்த வேண்டும். தொட்டியின் பக்கங்களிலும் அடியிலும் துளைகள் இருக்க வேண்டும். அடித்தட்டு வைக்கும் பழக்கத்தை இந்த மாதங்களில் விட்டுவிட வேண்டும்.

சமவெளியில் இயல்பாகவே வளரும் ஓர் ஆர்க்கிட் உண்டு. மாமரம் முதலான மரங்களின் பட்டையைப் பற்றிக்கொண்டு வாழும் வாண்டா டெசெல்லாட்டா. அது ஐப்பசி மழை முழுவதையும் கூரையில்லாமல் ஏற்றுக்கொள்கிறது, அழுகுவதில்லை. மரப்பட்டை சாய்வாக இருக்கிறது, வேர்களைச் சுற்றிக் கலவை ஏதும் இல்லை, உயரத்தில் காற்று ஓயாமல் வீசுகிறது. மழை நின்ற சற்று நேரத்தில் வேர்கள் வெளுத்துவிடுகின்றன. தொட்டியில் வளரும் செடிக்கு நாம் ஏற்படுத்தித் தர வேண்டியதும் இந்த நிலையைத்தான். தொங்கும் செடிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை: புயல் அறிவிப்பு வந்தால் அவற்றை முதல் வேலையாகக் கீழே இறக்கித் தரையில் படுக்கவைக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பெருமரங்களே சாய்ந்தன. கொக்கியில் ஆடும் வாண்டாக் கூடை எம்மாத்திரம்?

தண்ணீர்

ஆர்க்கிட் வேரின் மேல் வெலமென் எனப்படும் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. உயிரற்ற செல்களால் ஆன அந்த உறை, காய்ந்திருக்கும்போது காற்றை அடைத்துக்கொண்டு வெள்ளி நிறமாகத் தெரியும். நனைந்தவுடன் நீரை உறிஞ்சி ஒளி ஊடுருவும் தன்மை பெறுவதால், உள்ளேயிருக்கும் பச்சை வெளியே தெரியும். ஒரு வாண்டா வேரின் மீது தண்ணீரைத் தெளித்துவிட்டு அருகிலிருந்து பார்த்தால், துளி விழுந்த இடத்திலிருந்து பச்சை நிறம் இரு பக்கமும் படர்வதைக் கண்ணாலேயே காணலாம். தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்பதற்கு இதைவிட நம்பகமான அளவுகோல் இல்லை. வேர்கள் வெள்ளியாக இருந்தால் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் அன்று விட்டுவிடலாம். ஃபலெனாப்சிஸை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியில் வளர்ப்பதன் பயனும் இதுவே: தொட்டியின் பக்கவாட்டில் வேர்களின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளலாம். மண்தொட்டியானால், ஒரு மூங்கில் குச்சியைக் கலவைக்குள் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்து, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

நேரம் முக்கியமானது. கோடையில் மாலையில் தண்ணீர் தெளித்துப் பழகியவர்கள் ஐப்பசி பிறந்ததும் அப்பழக்கத்தை நிறுத்திவிட வேண்டும். காலை ஏழு மணிக்கு மேல் பத்து மணிக்குள் ஊற்றினால், பகலின் வெப்பமும் காற்றும் இலைகளையும் இலையிடுக்குகளையும் உலர்த்திவிடும். வெயிலே தலைகாட்டாத நாளில் ஊற்றவே வேண்டாம். ஒரு நாள் தண்ணீர் இல்லாததால் எந்த ஆர்க்கிட்டும் சாவதில்லை. வாண்டாவுக்கு மட்டும், மழையில்லாத நாள்களில் வேர் நன்றாகப் பச்சையாகும்வரை தினமும் காலையில் தெளிக்க வேண்டும். அதன் வேர்களைச் சுற்றி ஈரத்தைச் சேமித்துவைக்க எதுவும் இல்லை. டென்ட்ரோபியத்துக்கு மார்கழி, தை மாதங்களில் வாரம் இருமுறை பெரும்பாலும் போதும். ஃபலெனாப்சிஸுக்குக் கரியும் ஓடும் உள்ள தொட்டியில் நான்கு நாளுக்கு ஒருமுறை, பாசி இன்னும் மிச்சமிருந்தால் எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை என்று தொடங்கி, வேரின் நிறத்தைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். ஊற்றும்போது கலவை முழுவதும் நனைந்து அடியில் ஒழுகும்படி ஊற்றிவிட்டு, பிறகு காயவிட வேண்டும். தினமும் இரண்டு கரண்டி ஊற்றுவது மேற்பரப்பைக் காயவிடாமலும், அடி வேரை நனைக்காமலும் இரண்டு வகையிலும் கெடுக்கும்.

டென்ட்ரோபியத்தின் பழைய தண்டுகளில் இந்தக் காலத்தில் இலைகள் மஞ்சளாகி உதிரக்கூடும். புதிய தண்டுகள் திடமாக இருக்கும்வரை அதற்காகக் கவலைப்படவோ தண்ணீரைக் கூட்டவோ வேண்டாம். இலையில்லாத தண்டைக் காய்ந்துபோனதாக எண்ணி வெட்டிவிடுகிறார்கள். அது தடிப்பாகவும் பச்சையாகவும் இருந்தால், நீரையும் உணவையும் சேர்த்துவைத்திருக்கும் கிடங்கு அதுவே. அடுத்த பருவத்தில் அதிலிருந்தும் பூ வரலாம்.

பருவமழையின் நன்மையையும் விட்டுவிடக் கூடாது. நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகள் ஆர்க்கிட் வேருக்கு ஒத்துவராதவை. இலைநுனி கறுப்பதும், தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு தோன்றுவதும் அதன் அடையாளங்கள். மொட்டைமாடி நீரை முதல் இரண்டு மழைக்கு விட்டுவிட்டு, அதன் பின் ஒரு பீப்பாயில் பிடித்து, கொசு புகாதபடி வலையும் மூடியும் போட்டு வைத்தால், தை, மாசி மாத வறண்ட வாரங்களுக்கு அதைவிடச் சிறந்த நீர் கிடையாது. ஆர்ஓ கருவியிலிருந்து கழிவாக வெளியேறும் நீரை வீணாக்க மனமில்லாமல் ஆர்க்கிட்டுக்கு ஊற்றுவோர் உண்டு. உப்பு செறிந்த அந்நீரை வீடு துடைக்கப் பயன்படுத்தலாம், இதற்கு வேண்டாம்.

அழுகலைக் கண்டுபிடிப்பதும் நிறுத்துவதும்

ஃபலெனாப்சிஸுக்கு வளர்முனை ஒன்றே ஒன்றுதான். அது இலைகள் சந்திக்கும் நடுக்குழியில் இருக்கிறது. அந்தக் குழியில் ஓர் இரவு முழுவதும் நீர் நின்றால் அழுகல் தொடங்க வாய்ப்பு ஏற்படுகிறது. மழைக்குப் பின்னும், தண்ணீர் ஊற்றிய பின்னும், கடும்பனி இறங்கிய காலையிலும் ஒரு கைவிளக்கை அடித்து நடுக்குழியைப் பாருங்கள். நீர் மினுங்கினால், மெல்லிய காகிதத்தைத் திரித்து அதன் நுனியைக் குழிக்குள் விட்டால் அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். மரத்தில் வளரும்போது இந்தச் செடி பக்கவாட்டில் சாய்ந்து, இலைகள் கீழ்நோக்கித் தொங்க வளர்வதால் நடுவில் நீர் நிற்பதே இல்லை. தொட்டியில் அதை நிமிர்த்தி நட்டது நம் வசதிக்காக. ஆகவே மழை மாதங்களில் தொட்டியையே ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்தது.

நடுக்குருத்தை இரு விரல்களால் மிக மெல்ல இழுத்துப் பார்க்கும்போது அது கையோடு வந்துவிட்டால், அடி அழுகிவிட்டது என்று பொருள். வேர்கள் திடமாக இருப்பின் செடியை உடனே எறிந்துவிட வேண்டாம். மழை படாத இடத்தில் வைத்துக் குறைவாகத் தண்ணீர் கொடுத்துவந்தால், சில மாதங்களில் அடிப்பகுதியிலிருந்து பக்கக்கன்று வெளிப்படுவது உண்டு.

இலையில் தோன்றும் புள்ளிகளைப் பார்த்தவுடன் மருந்து தேடுவதற்கு முன் அது என்னவென்று பிரித்தறிய வேண்டும். வெயில் சுட்ட இடம் முதலில் வெளுத்து, பின் பழுப்பாகிக் காய்ந்து, அந்த அளவிலேயே நின்றுவிடும். அதற்கு மருந்து தேவையில்லை, இடமாற்றம்தான் தேவை. பாக்டீரியா அழுகல் வெந்நீர் பட்ட இடம்போல நீர்கோத்து, தொட்டால் குழைந்து, கெட்ட நாற்றத்துடன் ஒரே நாளில் விரல் அகலம் பரவிவிடும். இதைக் கண்டவுடன், அடுப்புத் தீயில் காட்டி ஆறவைத்த கத்தியால், கறுத்த பகுதிக்கு அப்பால் நல்ல பகுதியிலும் ஓர் அங்குலம் சேர்த்து வெட்டியெறிந்து, வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத்தூளைத் தடவி, அந்தச் செடியை மற்றவற்றிலிருந்து தனியே பிரித்துக் காற்றோட்டத்தில் வைக்க வேண்டும். பட்டைத்தூள் நீரை இழுத்து உலர்த்தும் இயல்புடையது என்பதால் அதை வேரில் தூவக் கூடாது. பூஞ்சைப் புள்ளிகள் மெதுவாகப் பரவுபவை. அவற்றுக்குக் கார்பெண்டசிமும் மான்கோசெப்பும் கலந்து விற்கப்படும் பொடியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, மழையில்லாத காலையில் கையுறையும் முகக்கவசமும் அணிந்து தெளிக்கலாம். பாக்டீரியாவுக்கு அந்தப் பொடி பயன்படாது. தாமிரம் கலந்த மருந்துகள் டென்ட்ரோபியத்தின் இலைகளைக் கருக்கக்கூடியவை என்பதால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

எந்த மருந்தைக்காட்டிலும் ஒரு சிறிய மேசை மின்விசிறி அதிகம் உதவும் என்பது என் உறுதியான கருத்து. காற்றே அசையாத மழை நாள்களில் அதைக் குறைந்த வேகத்தில், செடிகள்மேல் நேராக அடிக்காமல் சுவரில் பட்டுத் திரும்பும்படி, இரவில் ஓடவிட்டால் இலையிடுக்குகள் காய்ந்துவிடும். மின்கம்பிகளில் சாரல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வெளிச்சம் இடம் மாறும்

இது பலரும் கவனிக்காத செய்தி. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்கு மேலோ சற்று வடக்கேயோ இருக்கிறது. அப்போது தெற்குப் பார்த்த மேல்மாடத்தில் நேர்வெயில் விழுவதில்லை. டிசம்பர் கடைசியில் அதே சூரியன் தென்வானில் ஏறத்தாழ 53 டிகிரி உயரத்தில்தான் நண்பகலைக் கடக்கிறது. விளைவாக, ஆடி மாதத்தில் நிழலாக இருந்த தெற்கு மேல்மாடத்தில் மார்கழியில் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பல அடி தூரம் வெயில் உள்ளே நுழைகிறது. அங்கே வைக்கப்பட்ட ஃபலெனாப்சிஸின் இலைகள், “குளிர்காலத்து வெயில்தானே” என்று விட்டுவிட்டால் சுட்டுப்போகும். அதற்கு ஒளியை முக்கால் பங்கு தடுக்கும் வலையோ, ஒரு மெல்லிய வெள்ளைத் திரையோ வேண்டும். டென்ட்ரோபியத்தையும் வாண்டாவையும் அதே வெயிலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கினால் அவை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும். அவற்றுக்குப் பாதி நிழல் தரும் வலை போதும். வடக்குப் பார்த்த மேல்மாடம் உள்ளவர்களுக்கு நிலைமை நேர்மாறானது: இந்த மாதங்களில் அங்கே இருள் கூடிவிடும், எனவே செடிகளை விளிம்புக்கு நகர்த்த வேண்டும். இலை இளம்பச்சையாக இருந்தால் வெளிச்சம் சரியாக இருக்கிறது. கரும்பச்சையாக மினுமினுத்தால் போதவில்லை. நண்பகலில் இலையைத் தொட்டால் சுடுகிறதென்றால் அதிகம்.

ஃபலெனாப்சிஸ் பூப்பதற்கான பருவம்

பூவோடு வாங்கிய ஃபலெனாப்சிஸ் மறுபடி பூக்கவில்லை என்ற முறையீடு சமவெளியில் எங்கும் கேட்கக்கூடியது. அதன் பூத்தண்டு தோன்றுவதற்குச் சில வாரங்கள் குளுமை தேவை. பகல் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டியே இருந்தால் செடி இலைகளை விட்டுக்கொண்டிருக்குமே தவிரப் பூத்தண்டு விடுவதில்லை. பகலில் 25, இரவில் 20 என்ற அளவில் சில வாரங்கள் கிடைத்தால் தண்டு எழும்புகிறது. சென்னையிலும் மதுரையிலும் இந்த அளவுக்கு நெருங்கி வருவது மார்கழியும் தையும் மட்டுமே. ஓசூரிலும் கோவையிலும் வாய்ப்பு இன்னும் அதிகம். ஆகவே கார்த்திகைத் தீபம் முடிந்ததும் ஃபலெனாப்சிஸை வீட்டின் நடுவிலிருந்து, இரவுக்காற்று நேராக வரும் சன்னலோரத்துக்கு மாற்ற வேண்டும். இங்கே குளிரிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று உள்ளே வைத்து மூடுவது, செடிக்கு ஆண்டில் ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பைப் பறிப்பதாகும்.

நாற்பது நாள் போல் கழித்து, மேலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது இலையின் அடியில் ஒரு சிறு முளை தெரியலாம். நுனி உருண்டையாக, கண்ணாடிபோல் பளபளத்துக் கீழ்நோக்கி வளைந்தால் அது வேர். நுனி சற்றுத் தட்டையாக, கூர்மையாக, மேல்நோக்கி எழுந்தால் பூத்தண்டு. தண்டு தெரிந்த நாள்முதல் தொட்டியைத் திருப்பக் கூடாது. ஒளி வரும் திசையை நோக்கி வளர்வதால், திருப்பினால் மொட்டுகள் முறுக்கிக்கொண்டு அமையும். ஒரு சாண் வளர்ந்ததும் மூங்கில் குச்சியில் தளர்வாகக் கட்டலாம். பூ விரிய மேலும் இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும்.

எந்த ஆர்க்கிட்டாவது மொட்டுவிட்டிருக்கும் வீடுகளுக்குப் பொங்கலையொட்டி இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்திலீன் வாயு ஆர்க்கிட் மொட்டுகளை மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். பண்டிகைக்கு வாங்கிக் கூடத்தில் மாட்டிய வாழைத்தார் பழுக்கும்போது அந்த வாயுவை வெளியிடுகிறது. போகியன்று பழைய பொருள்களை எரிக்கும் புகையிலும் அது இருக்கிறது. பிலிப்பைன்ஸில் மாமரங்களுக்கு அடியில் புகைமூட்டம் போட்டுப் பூக்கவைக்கும் பழைய முறைகூட, புகையிலுள்ள இந்த வாயுவை நம்பியதுதான். மாமரத்தைப் பூக்கவைப்பது ஆர்க்கிட் மொட்டை உதிர்க்கிறது. எனவே போகிக்கு முந்தைய இரவே மொட்டுவிட்ட செடிகளை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, புகை அடங்கியபின் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். வாழைத்தார் அந்த அறையில் இருக்கக் கூடாது.

உரமும் பூச்சியும்

மழை மாதங்களில் உரத்தைப் பாதியாகக் குறைக்கலாம். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் அளவில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, முன்பே நனைந்த வேர்களுக்குத் தந்தால் போதும். மாதம் ஒருமுறை வெறும் நீரால் தொட்டியை நன்றாக அலசிவிட வேண்டும். இலை விடாமல் சும்மா நிற்கும் டென்ட்ரோபியத்துக்கு உரமே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் நத்தைகள் வேர்நுனிகளையும் பூமொட்டுகளையும் இரவோடிரவாகத் தின்றுவிடும். வேரின் பச்சை நுனி துண்டாகக் காணாமற்போயிருந்தால் நத்தை வந்திருக்கிறது. இரவு எட்டு, ஒன்பது மணிக்கு விளக்குடன் சென்று தொட்டியின் அடித்துளைகளைப் பார்த்துப் பொறுக்கி எடுப்பதே நிச்சயமான வழி. உப்பைத் தூவினால் நத்தையோடு வேரும் போகும். தை பிறந்து காற்று உலரத் தொடங்கியதும் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இலையின் அடிப்புறத்தில் தலைகாட்டும். சாராயவகைக் கிருமிநாசினியில் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம், அல்லது 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் ஒரு லிட்டர் நீரில் கலந்து, வெயில் ஏறுமுன் தெளிக்கலாம்.

மலை ஊர்களில்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உண்மையான குளிர் உண்டு. உதகையில் உறைபனியே விழுகிறது. உறைபனி இலைமீது படியும் இடத்தில் எந்த ஆர்க்கிட்டையும் வெளியே விடக் கூடாது. சமவெளியில் சொன்ன ஃபலெனாப்சிஸும் வாண்டாவும் அங்கே வீட்டுக்குள் 15 டிகிரிக்குக் குறையாத இடத்தில் இருக்க வேண்டும். ஆனால் அங்கே வளரவேண்டியவை வேறு. சிம்பிடியம் குளிர்ந்த இரவுகளில்தான் பூத்தண்டு விடுகிறது. நோபிலே வகை டென்ட்ரோபியம் ஐப்பசிக்குப் பின் உரமின்றி, ஏறக்குறைய நீருமின்றிக் குளிரில் ஓய்ந்திருந்தால்தான் கணுதோறும் பூக்கிறது. தண்டு சுருங்காத அளவுக்கு எப்போதாவது தெளித்தால் போதும். சுற்றுலா சென்ற இடத்தில் பூத்துக் குலுங்கும் சிம்பிடியத்தைப் பார்த்து மயங்கி வாங்கிவந்து சென்னையில் வைப்பவர்களுக்கு இலைகள் மட்டுமே மிஞ்சும். இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டில் இருக்கிறது. எந்த வகை எந்தச் சூழலில் வளர்கிறது என்பதை நேரில் பார்க்க விரும்புவோர் அங்கே செல்லலாம். காட்டு மரங்களிலிருந்து ஆர்க்கிட்டைப் பெயர்த்துவருவதை மட்டும் எவரும் செய்யக் கூடாது.

தொட்டி மாற்றும் காலம்

கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையில், வேர் அழுகிய செடியைக் காப்பாற்றும் அவசரம் தவிர வேறெதற்காகவும் செடியைத் தொட்டியிலிருந்து பிடுங்காதீர்கள். அவசரமானால், குழைந்த, உள்ளீடற்ற வேர்களை வெட்டிவிட்டு, ஒரு நாள் முழுவதும் நிழலில் காற்றாடக் கிடத்தி, வெறும் கரித்துண்டுகளில் நட்டு, மூன்று நாள் கழித்து முதல் தண்ணீரைக் கொடுக்க வேண்டும். மற்றவற்றுக்கு மாசிக் கடைசிவரை பொறுத்திருக்கலாம். டென்ட்ரோபியத்தின் அடியில் புதிய முளை கிளம்பி, அதிலிருந்து ஒரு விரல்கணு நீளத்துக்குள் வேர்கள் எட்டிப்பார்க்கும் வாரமே தொட்டி மாற்ற ஏற்றது. அந்த வேர்கள் புதிய கரியைப் பற்றிக்கொண்டதும் தண்ணீரையும் உரத்தையும் கோடைக்குரிய அளவுக்குப் படிப்படியாக உயர்த்தலாம்.